மதகு எங்கன்னு பாத்துட்டு முறை வைங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா போன் பேச்சு வெட்டி வெட்டி வருது, மீட்டிங்ல வீடியோ நின்னு நின்னு போகுதுங்கற கேள்விதான் எச்சா இருக்குதுங்க, அதனால ஸ்விட்ச்சுல (நெட்வொர்க் வயரெல்லாம் வந்து சேர்ற பெட்டி) க்யூஓஎஸ் செட்டிங்ஸ், அதாவது எந்த டேட்டா முன்னால போறதுன்னு முறை வைக்கற செட்டிங்ஸ் பத்தின கேள்விகளையே ஒட்டுக்கா எடுத்துக்கறேன்.

ஏனுங்ணா, நாங்க திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் யூனிட் வச்சிருக்கறோம். மூணு மாடி. ஐபி போன் 14, கேமரா 22, மெர்ச்சண்டைசிங், கணக்கு எல்லாஞ் சேத்து கம்ப்யூட்டர் ஒரு 40 இருக்கும். மத்தியானத்துக்கு மேல ஐரோப்பாவுல பையர் ஆபீஸ் தெறக்கற நேரம், அப்பப் பாத்து பேச்சு துண்டு துண்டா வருது, ஷேட் மாத்தச் சொல்றாங்களா சரின்னு சொல்றாங்களான்னே புரியறதில்ல. நெட்வொர்க் பாக்கற பையன் வந்து ஸ்விட்ச்சுல க்யூஓஎஸ் ஆன் பண்ணி உட்டுட்டுப் போனான், அன்னைலிருந்து முன்னைய விட மோசம். ஸ்விட்ச்சோட கான்ஃபிக் (அதுல போட்டிருக்கற செட்டிங்ஸ் லிஸ்ட்டு) அனுப்பிருக்கறேன், பாத்து சொல்லுங்க.
– திருப்பூர் வாசகர்

கான்ஃபிக் முழுசும் படிச்சனுங்க. உங்க பையன் போன வழி சரியான வழிதான், ஆனா பாதியில நிறுத்திட்டாரு, அந்தப் பாதிதான் இப்ப உங்களைப் படுத்துது.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல காடு இருக்கறவங்களுக்கு இது வெரசா புரியும். முறை வச்சுத் தண்ணி உடறாங்கன்னா அதனால பவானிசாகர் அணையில ஒரு சொட்டுத் தண்ணி ஏறப்போறதில்ல, இருக்கற தண்ணியில யாருக்கு எப்பங்கறதை மட்டுந்தான் முறை சொல்லும், வாய்க்கால் நெறஞ்சு போற நாள்ல முறையைப் பத்தி யாரும் பேசக்கூட மாட்டாங்க. க்யூஓஎஸ் அதேதானுங்க. லைன்ல நெரிசல் இல்லாத வரைக்கும் அதுக்கு வேலையே கெடையாது, வந்த பேக்கெட் (துண்டு துண்டாப் போற டேட்டா) வந்த உடனே போயிட்டே இருக்கும், நெரிசல் வர்ற அந்த எடத்துல, அந்த நொடியில மட்டுந்தான் எது முன்னால போறது எது நிக்கறதுன்னு ஸ்விட்ச் முடிவு பண்ணும். அதனால எந்த செட்டிங்ஸ் போடறதுன்னு கேக்கறதுக்கு முன்னால, நெரிசல் எந்த மதகுல வருதுன்னு கண்டுபுடிக்கோணும்.

உங்க கான்ஃபிக்ல அது தெளிவாத் தெரியுது. மாடியிலிருந்து கீழ வர்ற அப்லிங்க் போர்ட்டை யாரோ ஸ்பீடு 100, டூப்ளக்ஸ் ஃபுல்னு (ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் டேட்டா போற மாதிரி) பூட்டி வச்சிருக்கறாங்க. மாடியில இருக்கற கேமராவெல்லாம் கீழ ரெக்கார்டருக்கு அந்த ஒத்தை லைன்லதான் எறங்குது. ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ்னு வச்சாலும் 22 கேமராவுக்கு 88 எம்பிபிஎஸ் ஆச்சு, 100ல மிச்சம் 12. அதுல மெர்ச்சண்டைசிங் பசங்க டிசைன் ஃபைலை சர்வர்ல ஏத்துனாங்கன்னா முடிஞ்சுது கதை. ஆனா போன் எவ்வளவு கேக்குதுன்னு பாருங்க. பேச்சை டேட்டாவா மாத்தற முறை ஜி.711 கோடெக்னா 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பேக்கெட், நொடிக்கு 50 பேக்கெட், ஹெட்டர் எல்லாஞ் சேத்து ஒரு பக்கத்துக்கு 87 கேபிபிஎஸ் கிட்ட வரும், 14 போன்லயும் ஒரே நேரத்துல பேசுனாக்கூட ஒண்ணேகால் எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. போனுக்கு வேண்டியது கொஞ்சந்தான், ஆனா அது காத்திருக்க முடியாத சரக்கு. ஒரு பக்கம் பேசுனது இன்னொரு பக்கம் காதுல விழறதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள ஆகோணும்னு சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவோட ஜி.114 பரிந்துரை சொல்லுது, ஜிட்டர் (பேக்கெட் வந்து சேர்ற இடைவெளியில வர்ற ஏத்த எறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள்ளயும் பேக்கெட் இழப்பு ஒரு சதவீதத்துக்குள்ளயும் இருக்கோணும்னு நெட்வொர்க் ஆளுங்க வச்சிருக்கற கணக்கு. ஃபைல் அரை செகண்ட் லேட்டா வந்தா யாருக்கும் தெரியாது, பேச்சுல அரை செகண்ட் போச்சுன்னா வார்த்தையே போச்சு.

அதனால மொத வேலை, அந்த 100ஐ எடுத்துட்டு ரெண்டு முனையிலயும் ஆட்டோ வச்சு ஜிகாபிட்டுல ஓட விடுங்க. ஓடலைன்னா கேபிளைப் பாருங்க. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் சரியா இருக்கோணும், எங்கயோ ஒரு ஜோடி அத்துப்போயி அதை மறைக்கறதுக்காகத்தான் 100ல பூட்டிருப்பாங்கன்னு எனக்கு பலமான சந்தேகம். இன்னொண்ணு, ஒரு முனையில ஃபுல் டூப்ளக்ஸ்னு பூட்டி மறு முனை ஆட்டோல இருந்தா ஆட்டோ முனை பேச்சுவார்த்தைக்கு ஆள் கெடைக்காம ஹாஃப் டூப்ளக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் போறதுக்கு எறங்கிரும், லைட் எரியும், பிங் (போயி வர எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கற சோதனை) போகும், ஆனா லோடு ஏறுனதும் பேக்கெட் செத்துட்டே இருக்கும். ஒரு நூல் மில்லுல ரெண்டு ராத்திரி உக்காந்து நான் க்யூஓஎஸ் கணக்கா போட்டுப் பாத்தேன், மூணாவது நாள் போர்ட் கவுண்டரைப் பாத்தா பேக்கெட் கெட்டு வருதுன்னு காட்டற சிஆர்சி எர்ரர் ஏறிட்டே இருந்துச்சு, அலுமினியத்து மேல செம்பு பூசுன மட்டமான கேபிளு, சுத்தச் செம்பு கேட்6 மாத்துன அன்னைக்கே எல்லாம் சரியாப் போச்சு. அதுலிருந்து எங்க போனாலும் எர்ரர் கவுண்டரைப் பாக்காம நான் க்யூஓஎஸ் பக்கமே போறதில்லீங்க. உங்களையும் அதையேதான் கேட்டுக்கறேன்.

இப்ப, ஆன் பண்ணதுக்கு அப்பறம் ஏன் மோசமாச்சுங்கறதுக்கு வர்றேன். உங்க கான்ஃபிக்ல "எம்எல்எஸ் க்யூஓஎஸ்"னு ஒத்தை வரி இருக்குது, அது சிஸ்கோவோட 2960, 3750 மாதிரி பழைய கேட்டலிஸ்ட் வரிசையோட கமாண்டு. அதைப் போடாத வரைக்கும் ஸ்விட்ச் எந்த பேக்கெட்டோட அடையாளத்தையும் தொடாது, வந்தது வந்தபடி போகும். போட்ட உடனே எல்லா போர்ட்டும் "நம்பிக்கை இல்லாத போர்ட்" ஆயிரும், அதாவது போன் தன்னோட பேக்கெட்டுல 46னு முன்னுரிமை எழுதி அனுப்புனாலும் ஸ்விட்ச் அதை அழிச்சு 0 ஆக்கிரும். போனும் கேமராவும் டெஸ்க்டாப்பும் ஒரே வரிசையில நிக்கும். அது போதாதுன்னு, முன்னால போர்ட்டுல ஒரே குளமா இருந்த, பேக்கெட் காத்திருக்கற பஃபர் மெமரி நாலு க்யூவுக்கும் (வரிசைக்கும்) பாத்தி கட்டுன மாதிரி பிரிஞ்சிரும், எல்லா டிராஃபிக்கும் 0ன்னு ஒரே பாத்தியில போயி விழுந்தா அது முன்னைய விட சீக்கிரம் நெறஞ்சு வழியும். இதனாலதான் மோசமாச்சு.

மாத்த வேண்டியது இதுதான். போன் இருக்கற போர்ட்டுல நம்பிக்கை வைக்கச் சொல்லோணும், "எம்எல்எஸ் க்யூஓஎஸ் டிரஸ்ட் டிஎஸ்சிபி"ன்னு. பேக்கெட்டுல அந்த 46 எழுதியிருக்கற எடத்துக்குப் பேருதான் டிஎஸ்சிபி. டிரஸ்ட் காஸ்னும் ஒண்ணு இருக்குது, ஆனா காஸ்ங்கற முன்னுரிமை எண்ணு விலான் டேக் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காப் பிரிக்கறதுக்கு ஒட்டற அடையாளம்) உள்ளதான் இருக்கும், உங்க கான்ஃபிக்ல வாய்ஸ் விலானே இல்ல, டேக் இல்லாத பேக்கெட்டுல காஸ் எங்கிருந்து வரும், அதனால அதைப் போட்டீங்கன்னா மறுக்கா 0தான். முடிஞ்சா வாய்ஸ் விலான் தனியாப் போடுங்க, போன் பின்னாடி கம்ப்யூட்டர் சொருகியிருக்கற எடத்துல அது நெம்ப நல்லது. அப்லிங்க் போர்ட்டுலயும் ரெண்டு பக்கமும் டிரஸ்ட் டிஎஸ்சிபி போடுங்க, நெறைய பேர் மறக்கறது இதைத்தான், மாடி ஸ்விட்ச்சுல ஒழுங்கா வந்தது கீழ ஸ்விட்ச்சுல நுழையறப்ப 0 ஆகி நிக்கும். அப்பறம் "ப்ரையாரிட்டி க்யூ அவுட்". அது இருந்தாத்தான் மொத க்யூ மத்த மூணையும் நிறுத்தி வச்சுட்டுப் போகும், இல்லைன்னா பங்குக் கணக்குலதான் போகும். கேமரா போர்ட்டு எதுலயும் டிரஸ்ட் போட வேண்டாம்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. மொத நாள் கேபிளும் அப்லிங்க்கும், பையர் கால் வர்ற நேரத்துல ஒரு வாரம் பாருங்க. அதுலயே சரியாச்சுன்னா அந்த எம்எல்எஸ் வரியை எடுத்துட்டே இருக்கலாம், தப்பில்ல. சரியாகலைன்னா டிரஸ்ட் போட்டுட்டு "ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்"ல 46 ஏறுதான்னும், எந்த க்யூல பேக்கெட் விழுகுதுன்னும் பாருங்க. கால் வெளிநாட்டுக்குப் போறதால ரவுட்டரும் ஒரு மதகுதான், அதுக்கு அடுத்த பதிலைப் படிங்க.

வணக்கங்க. நான் கோபியில வீட்டுல இருந்தே ஆன்லைன்ல வயலின் சொல்லித் தர்றேன், துபாய்லயும் சிங்கப்பூர்லயும் புள்ளைங்க இருக்கறாங்க. இன்டர்நெட் பிளான் 20 எம்பிபிஎஸ். கடையில 8 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி வயர்லதான் லேப்டாப் சொருகியிருக்கறேன், அப்பவும் சாயங்காலத்துல சத்தம் இழுத்துப் புடிக்குது. வேற நல்ல ஸ்விட்ச் வாங்கோணுங்களா? க்யூஓஎஸ் இருக்கற ஸ்விட்ச் வெலை எச்சாச் சொல்றாங்க.
– கோபிசெட்டிபாளையம் வாசகி

வாங்காதீங்க டீச்சர். உங்க ஸ்விட்ச் ஜிகாபிட்டு, உங்க இன்டர்நெட் பிளான் நீங்க எழுதுனபடி 20 எம்பிபிஎஸ். ஆத்து மேல கட்டுன பாலம் அகலமா இருக்குது, அதுக்கு அக்கட்ட இருக்கற சந்துதான் குறுகல், பாலத்தை இன்னும் அகலமாக்கி என்ன ஆகப்போகுது. வீட்டுல நெரிசல் வர்றது பெரும்பாலும் ரவுட்டர்லதான், அதுலயும் அப்லோடு பக்கத்துல.

சாயங்காலம் வீட்டுல எல்லாரும் வந்துடுவாங்க, போன் வைஃபையில ஒட்டுன உடனே அன்னைக்கு எடுத்த போட்டோ வீடியோவெல்லாம் தானா மேல ஏற ஆரம்பிக்கும். ரவுட்டர் வர்ற பேக்கெட்டையெல்லாம் கீழ போடாம வரிசையில சேத்து வச்சுட்டே இருக்கும். 1500 பைட் பேக்கெட் ஒண்ணு 20 எம்பிபிஎஸ் லைன்ல போறதுக்கு 0.6 மில்லிசெகண்ட், வரிசையில 500 பேக்கெட் நின்னா உங்க வயலின் சத்தம் 300 மில்லிசெகண்ட் நின்னுதான் போகோணும். இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு. நீங்களே சோதிச்சுக்கலாம், லேப்டாப்ல ஒரு பிங் ஓட விட்டுட்டு போன்லிருந்து பெரிய வீடியோ ஒண்ணை ஏத்துங்க, 20, 30ன்னு இருந்த எண்ணு 300, 400ன்னு எகிறுச்சுன்னா இதேதான் வியாதி.

வைத்தியம் ரவுட்டர்ல. செட்டிங்ஸ்ல எஸ்க்யூஎம்னோ, எஃப்க்யூ கோடெல், கேக்னோ (எல்லாமே வரிசையை ஒழுங்கு பண்ற வசதிதான்) இருக்குதான்னு பாருங்க, இருந்தா ஆன் பண்ணி அப்லோடு வேகத்தை உங்க நெசமான வேகத்துல 90 சதவீதம் அளவுக்கு எழுதுங்க, 20 வருதுன்னா 18. கொஞ்சம் குறைச்சு எழுதறது எதுக்குன்னா, அப்பத்தான் வரிசை உங்க வீட்டு ரவுட்டர்ல நிக்கும், அதை அது ஒழுங்கு பண்ணும், இல்லைன்னா கம்பெனிக்காரங்க பெட்டியில போயி நிக்கும், அது நம்ம கையில இல்ல. ரவுட்டர்ல அந்த வசதியே இல்லைன்னா பாடம் நடக்கற நேரத்துல எல்லாரோட போன்லயும் பேக்கப்பை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, காசு செலவில்லாத வழி. வயர்ல சொருகுனது நல்ல காரியம், அதை மாத்தாதீங்க.

அண்ணா, நான் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் மூணாம் வருசம். காஸ், டிஎஸ்சிபி ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதாதா? வாய்ஸுக்கு ஏன் 46ன்னு வச்சாங்க? மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா புரியல.
– பீளமேடு மாணவர்

புரியலைன்னு கேட்டதுக்கே உங்களைப் பாராட்டோணும் தம்பி. காஸ்ங்கறது ஈதர்நெட் ஃப்ரேம்ல, விலான் டேக்ல இருக்கற 3 பிட்டு. அந்த டேக்ல 16 பிட்டுல 3 முன்னுரிமைக்கு, 1 இதைக் கீழ போட்டாலும் பரவால்லன்னு சொல்றதுக்கு, 12 விலான் நம்பருக்கு. 3 பிட்டுன்னா 0லிருந்து 7 வரைக்கும் எட்டு. ரவுட்டரைத் தாண்டுனா ஈதர்நெட் ஹெட்டரே கழண்டு புதுசு மாட்டிக்கும், காஸும் அதோட போச்சு. டிஎஸ்சிபி ஐபி ஹெட்டர்ல இருக்கறதால நடுவுல யாரும் அழிக்காத வரைக்கும் கூடவே போகும். 6 பிட்டு, 64 மதிப்பு, 1998ல ஆர்எஃப்சி 2474ங்கற இன்டர்நெட் விதி ஆவணம் மூலமா வந்தது, அந்த பைட்டுல மிச்ச 2 பிட்டு நெரிசலைச் சொல்ற ஈசிஎன்னுக்கு.

46ஐ பைனரியில எழுதுங்க, 101110. முன்னால மூணு பிட்டு 101, அதாவது 5, பழைய முறையில வாய்ஸுக்கு இருந்த அதே 5. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகோணும்னு அப்படி அமைஞ்சுது. பேக்கெட்டைப் புடிச்சுப் பாக்கற வயர்ஷார்க்ல முழு பைட்டா பாத்தா 184ன்னு தெரியும், 46ஐ 4ஆல பெருக்குனது. ஒரு எடத்துல கவனமா இருங்க, பழைய கேட்டலிஸ்ட்ல டிரஸ்ட் காஸ் போட்டா 5ஐ 46 ஆக்காது, 8ஆல பெருக்கி 40 ஆக்கும். அந்த ஸ்விட்ச்சுக்குள்ள பிரச்சினையில்ல, 40ம் அதே மொத க்யூலதான் போகும், ஆனா அக்கட்ட இருக்கற ரவுட்டர் 46க்கு மட்டும் வழி விடறாப்ல எழுதியிருந்தா உங்க வாய்ஸ் கூட்டத்தோட கூட்டமா நிக்கும். காஸை டிஎஸ்சிபியா மாத்தற மேப்ல ஆறாவது எண்ணை 46ன்னு மாத்தி எழுதோணும். வைஃபையிலயும் இதே மாதிரி ஒரு குழி இருக்குது, முன்னால மூணு பிட்டை மட்டும் பாத்து 5ன்னு எடுத்துக்கிட்டா வைஃபை அதை வாய்ஸ்ல போடாம வீடியோ வரிசையில போட்டுரும், அங்க வாய்ஸுங்கறது 6ம் 7ம். இதைச் சரி பண்றதுக்குன்னே 2018ல ஆர்எஃப்சி 8325 வந்துச்சு. லேப்ல ரெண்டு ஸ்விட்ச் கெடைச்சா நீங்களே 46 வச்சு அனுப்பி அடுத்த முனையில என்னவா வருதுன்னு புடிச்சுப் பாருங்க, மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே வராது.

ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில ஐடி பாக்கறனுங்க. ஸ்கேன், பில்லிங், பார்மசி, போன், டாக்டர் ரூம் எல்லாமே முக்கியம்னு சொல்றாங்க, அதனால எல்லா போர்ட்டுக்கும் ப்ரையாரிட்டி 7 வச்சு ஸ்ட்ரிக்ட் ப்ரையாரிட்டி போட்டுட்டேன். சரிதானுங்களா?
– ஈரோடு வாசகர்

இல்லீங்க, இன்னைக்கே மாத்துங்க. எல்லாருக்கும் மொத முறைன்னா அங்க முறையே இல்லன்னு அர்த்தம். ஆபத்து என்னன்னா 6ம் 7ம் நெட்வொர்க் தனக்காக வச்சிருக்கறது, ஸ்பானிங் ட்ரீ, ரவுட்டிங் மாதிரி ஸ்விட்ச்சுக தங்களுக்குள்ள பேசிக்கறது அதுல போகும். ஸ்கேன் படம் நூத்துக்கணக்கான எம்பியா அதே வரிசையில கொட்டுனா ஸ்விட்ச்சோட சொந்தப் பேச்சே தடைபட்டு லிங்க் ஏறி எறங்கும்.

ஸ்ட்ரிக்ட்னா மேல வரிசை காலியாகற வரைக்கும் கீழ வரிசைக்கு ஒண்ணும் கெடைக்காது, தலைமடையில இருக்கறவன் மதகை முழுசாத் தெறந்து வச்சுக்கிட்டா கடைமடைக்காரன் வயலு காஞ்சு போற மாதிரி. அதுல போன் பேச்சை மட்டும் வைங்க, அதுவும் லிங்க்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம. ஸ்கேன் அவசரமானதுதான், மனசு புரியுதுங்க, ஆனா படம் ஒரு செகண்ட் லேட்டா வந்தாலும் முழுசா வந்துரும், அதுக்கு வேண்டியது முன்னுரிமை இல்ல, அகலம். ஸ்கேன் ரூமுக்கும் சர்வருக்கும் நடுவுல லிங்க்கை எச்சுப் பண்ணுங்க, மிச்சத்தையெல்லாம் பங்குக் கணக்குல, டபிள்யூஆர்ஆர்ல வைங்க, பில்லிங்குக்கு கொஞ்சம் எச்சு, சாதா பிரவுசிங்குக்கு கம்மி.

நாமக்கல்ல கோழித்தீவன மில்லு எங்களுது. ஸ்விட்ச்சுல ஃப்ளோ கண்ட்ரோல்னு ஒரு பட்டன் இருக்குது, ஆன்ல வைக்கலாமா?
– நாமக்கல் வாசகர்

போன் ஓடற ஸ்விட்ச்சுன்னா ஆஃப்ல வைங்க. 802.3எக்ஸ் ஃப்ளோ கண்ட்ரோல் நெரிசல் வந்தா "நில்லு"ன்னு சொல்லி அந்த லிங்க்ல எல்லாத்தையுமே நிறுத்திரும், எது போன் எது ஃபைல்னு அதுக்குத் தெரியாது, நீங்க போட்ட க்யூஓஎஸ் அங்க செல்லாது.

பொள்ளாச்சியில தேங்காய் மண்டி வச்சிருக்கறோம். ஐபி போன்ல நாங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எங்களுக்குக் கேக்கறதே இல்ல. க்யூஓஎஸ் போட்டா சரியாகுங்களா?
– பொள்ளாச்சி வாசகர்

ஆகாதுங்க. வெட்டி வெட்டி வந்தா நெரிசல், ஒரு பக்கம் சுத்தமாவே வரலைன்னா வழி அடைச்சிருக்குதுன்னு அர்த்தம். ரவுட்டர்ல சிப் ஏஎல்ஜின்னு, போன் பேக்கெட்டைத் தானா மாத்தி எழுதற ஒரு செட்டிங் இருக்கும், பெரும்பாலும் ஆன்ல வந்திருக்கும், அதை ஆஃப் பண்ணி போனை ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாருங்க. அப்பவும் கேக்கலைன்னா ஃபயர்வால்ல பேச்சு சத்தம் வர்ற ஆர்டிபி போர்ட் தெறந்திருக்குதான்னு பாக்கோணும், எந்த எண்ணுலிருந்து எந்த எண்ணு வரைக்கும்னு உங்களுக்கு போன் லைன் குடுத்தவங்ககிட்ட கேட்டு வாங்கிக்குங்க.